மேளத்துக்கு அச்சாரம், எங்களுக்குப் பொன்னாடை: கோயில் சபையளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வன்னியில கோயில் பரிபாலன சபையளில இருக்கிற ஐயாமார், அண்ணைமார், அதோட கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் எண்டு எங்க இருந்தாலும் ஊர்ச் சங்கம் நடத்திற எல்லாருக்கும் வணக்கம்.

நான் விசுவமடுப் பக்கம். கீபோட் வாசிப்பன், மெட்டுப் போடுவன், வீட்டில ஒரு அறைக்குள்ள முட்டை மட்டை ஒட்டி வைச்சு றெக்கோடிங்கும் செய்யிறன். (முட்டை மட்டை வெளிச் சத்தத்தை மறிக்காதாம், அறைக்குள்ள எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்குமாம், முழுக்க ஒட்டி முடிச்ச பிறகுதான் அறிஞ்சன். பின் வளவில மயில் கத்தினா இண்டைக்கும் பாட்டுக்குள்ள மயில்தான்.) உங்களில கனபேருக்கு என்னைத் தெரியும், பேர் தெரியாட்டியும் "அந்தக் கீபோட் தம்பி" எண்டா தெரியும். அந்தத் தம்பிக்கு இப்ப முப்பது தாண்டிட்டுது, ரெண்டு பிள்ளையள், மூத்தது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிட்டுது, அதாலதான் வாசிக்கிற எங்களுக்கும் காசு பேசுங்கோ எண்டு இந்த மடல்.

போன வருசத் திருவிழாவுக்கு முதல் நடந்த கூட்டத்தில நானும் மடத்துத் திண்ணையில ஒரு கரையா இருந்தனான். முதல்ல மேளம். எந்தக் கோஷ்டி, எத்தினை நாள், தேருக்கும் தீர்த்தத்துக்கும் எத்தினை தவில் எண்டு வடிவாக் கதைச்சு, இணுவிலுக்கு ஆள் போய் வெத்திலை பாக்கோட அச்சாரம் குடுத்திட்டு வாறதெண்டு தீர்மானம், பொருளாளர் அந்த இடத்திலையே காசை எண்ணி என்வலப்புக்குள்ள வைச்சவர். பிறகு சாத்துப்படி, பந்தல், சவுண்ட்ஸ், ஜெனரேற்றர், லைற், எல்லாத்துக்கும் ஒரு தொகை, ஒரு முற்பணம். கடைசியா ஆரோ கேட்டினம் பூங்காவனத்தண்டு கலை நிகழ்ச்சி என்ன மாதிரி எண்டு. "அது எங்கட பெடியள் செய்வாங்கள்." அவ்வளவுதான். அரை நிமிசம் எடுக்கேல்லை. அடுத்த கதை அன்னதானத்துக்கு எத்தினை மூட்டை அரிசி எண்டு போயிட்டுது.

பெடியள் செய்தம்தான். ஆறு பேர், மூண்டு கிழமை ஒத்திகை, றம்ஸ் கிளிநொச்சியில வாடகைக்கு எடுத்தது, பேஸ் கிற்றார் வாசிக்கிறவன் மேசன் வேலை, மூண்டு நாள் கூலியை விட்டிட்டு வந்தவன். எட்டு மணிக்கு மேடை எண்டு சொல்லிப்போட்டு, கௌரவிப்பு, உரை, பேந்தும் கௌரவிப்பு எண்டு இழுத்து இரவு பதினொண்டரைக்குத்தான் மைக் எங்கட கைக்கு வந்தது, ஒண்டரை மட்டும் வாசிச்சம். முடிய ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு சோத்துப் பாசல், ஒரு குறூப் போட்டோ. றம்ஸ் வாடகை என்ர பொக்கற்றில.

பொன்னாடையைப் பற்றி ஒருக்கா சொல்லத்தான் வேணும். என்ர அம்மா எல்லாத்தையும் மடிச்சு ஒரு றங்குப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறா, கடைசியா எண்ணினது பதினேழு. ஒண்டில விலை ஒட்டின ஸ்ரிக்கர் அப்பிடியே இருக்கு, 650 ரூவா. கரைச் சரிகை தொட்டா நூல் நூலாக் கழண்டு வரும், தலையணை உறை தைப்பம் எண்டு வெட்டிப் பாத்திட்டு, முகத்தில குத்துதெண்டு விட்டிட்டா. ஒண்டு இப்ப என்ர கீபோட்டுக்குத் தூசி படாமல் மூடுற சீலை. திருப்பிக் குடுத்துக் காசாக்கலாமோ எண்டு பகிடிக்கு அந்தக் கடையில கேட்டன், அவர் பகிடியா எடுக்கேல்லை, "ஐயோ தம்பி, உதைப் போல நூறு பேர் கேட்டிட்டாங்கள்" எண்டார்.

நான் மேளக்காரரில எரிச்சல்பட்டு இதை எழுதேல்லை. அவைக்கும் தங்கட பாடு இருக்கு, திருவிழாச் சீசன் முடிஞ்சா கலியாண வீட்டை நம்பித்தான் இருக்கினம், அதிலயும் இப்ப கனபேர் ஸ்பீக்கரில பாட்டைப் போட்டிட்டுத் தாலி கட்டினம். ஆனா அவையிட்ட ஒரு முறை இருக்கு. தொகை முதல்லயே பேசுறது, அச்சாரம் வாங்கிறது, வாங்கினா அந்த நாள் ஆர் கூப்பிட்டாலும் வேற இடம் போறேல்லை. அளவெட்டியில இருந்து வாற ஒரு நாதஸ்வர வித்துவானிட்ட ஆராவது "இது உங்களுக்கும் ஒரு சந்தர்ப்பம்தானே, நாலு சனம் பாக்கும்" எண்டு சொல்லுவியளோ? வாய் வராது. எங்களிட்ட மட்டும் அது எப்பிடி இவ்வளவு லேசா வருது? நான் கேக்கிறது புதுசா ஒண்டுமில்லை, மேளத்தோட பேசுற மாதிரி எங்களோடயும் பேசுங்கோ எண்டுதான். உங்கட கணக்குப் புத்தகத்தில ஏற்கனவே அந்த வரி இருக்கு, அதுக்குக் கீழ இன்னொரு வரி.

இதைச் சொன்னா உடன வாற பதில் எனக்குத் தெரியும். "காலம் மாறிட்டுது தம்பி, யூரியூப்பில போடு, காசு கொட்டும்." சரி, கொட்டின கதையைச் சொல்லுறன் கேளுங்கோ.

யூரியூப்பில விளம்பரக் காசு வாறதெண்டா முதல்ல 1,000 பேர் சந்தாதாரரா வேணும், அதோட ஒரு வருசத்துக்குள்ள 4,000 மணித்தியாலம் சனம் பாத்திருக்க வேணும், இல்லாட்டி 90 நாளுக்குள்ள ஷோர்ட்ஸ் எண்ட குட்டி வீடியோக்கள் ஒரு கோடி தரம் ஓட வேணும். நான் அந்த இடத்துக்கு வர மூண்டு வருசம் போனது. பிறகு பத்து டொலர் சேந்தவுடன வீட்டு விலாசம் சரியோ எண்டு பாக்க கூகிள்காரன் ஒரு பின் நம்பரைக் கடிதத்தில அனுப்புவான். உண்மையான தபால் கடிதம், முத்திரை எல்லாம் குத்தி. என்ர விலாசத்தில வீட்டு நம்பர் இல்லை, "பாலத்தடி" எண்டுதான் இருக்கு, முதல் கடிதம் எங்க போனதெண்டு கடவுளுக்குத்தான் தெரியும், ரெண்டாவதைத் தபால்கார அண்ணை கோயில் வாசலில வைச்சுத் தந்தவர், "என்னடா தம்பி, வெளிநாட்டில இருந்து கோட்டுக் கடிதமோ" எண்டு கேட்டுக்கொண்டு. அதுக்குப் பிறகும் 100 டொலர் நிரம்பினால்தான் காசு வங்கிக்கு வரும். எனக்கு நிரம்ப பதினாலு மாசம். இடையில 2022 பங்குனி வந்து நாளுக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போனதெல்லாம் தனிக் கதை, அதை விடுவம்.

இணையத்தில பாட்டுக் கேக்கிற ஸ்பொட்டிஃபை 2021ல இலங்கைக்கு வந்தது, நானும் வெளிநாட்டு விநியோகக் கொம்பனி ஒண்டுக்கு வருசக் கட்டணம் கட்டிப் பாட்டுகளை ஏத்தினன். அங்க ஒரு தரம் கேட்டா இவ்வளவு எண்டு விலை இல்லை. எல்லாக் கோயில் உண்டியலையும் ஒரே இடத்தில கொட்டி, எந்தக் கோயிலுக்கு எத்தினை சனம் வந்ததெண்டு எண்ணிப் பாத்துப் பிரிச்சா எப்பிடி இருக்கும், அதுதான் கணக்கு. நீங்கள் எங்கட பிள்ளையாருக்குப் போட்ட காசில முக்காவாசி பெரிய கோயிலுக்குப் போயிடும். ஆயிரம் தரம் கேட்டா மூண்டு நாலு டொலர் எண்டு பொதுவாச் சொல்லுவினம், இலங்கையில சந்தா மலிவு, அதால அதிலயும் குறையும். அதை விட, 2024 தொடக்கம் ஒரு பாட்டு 12 மாசத்துக்குள்ள 1,000 தரம் கேக்கப்படாட்டி அதுக்கு ஒரு சதமும் இல்லை எண்டும் வைச்சிட்டாங்கள். நான் ஏத்தின பதினொரு பாட்டில அந்தக் கோட்டைத் தாண்டினது ரெண்டு.

இதில வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு கதை இருக்கு, கோவிக்காதேங்கோ. புதுப் பாட்டு ஒண்டு வந்தா நீங்கள் என்ன செய்யிறியள், ஆராவது அதை எம்பி3யா இறக்கி வட்ஸ்அப் குறூப்பில போடுவார், எல்லாரும் "சூப்பர் தம்பி", கைதட்டு, தீபம். 400 பேர் இருக்கிற குறூப்பில 400 பேரும் கேட்டிருப்பினம், ஆனா ஸ்பொட்டிஃபைக் கணக்கில பூச்சியம். அந்த 400 பேரும் லிங்கைத் தட்டி ஆளுக்கு மூண்டு தரம் கேட்டா 1,200. கோடு தாண்டிட்டுது. கனடாவில இருந்து கேக்கிறதுக்கும் சுவிஸில இருந்து பாக்கிறதுக்கும் கிளிநொச்சியில இருந்து பாக்கிறதை விடக் கூடவா விழும், ஏனெண்டா அங்க சந்தாவும் கூட, விளம்பரக்காரன் குடுக்கிறதும் கூட. உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. எம்பி3யை அனுப்பாமல் லிங்கை அனுப்புங்கோ, அவ்வளவுதான்.

ஆனா உண்மையைச் சொன்னா உதால வீடு நடக்காது. என்ர வீடு நடக்கிறது வேற காசில. பின்னேரத்தில பிள்ளையளுக்குக் கீபோட் வகுப்பு, சாமத்திய வீட்டு வீடியோவுக்குப் பாட்டு, வெளிநாட்டில நடக்கிற நடன அரங்கேற்றத்துக்கு றெக்கோட் பண்ணி அனுப்புறது, அப்பாவின்ர அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு, இப்ப கொஞ்சக் காலமா அந்தியேட்டிக்குக் கல்வெட்டு (செத்தவரின்ர நினைவுப் புத்தகம்) அடிக்கிறதோட நினைவுப் பாட்டும் கேக்கினம். முப்பத்தொராம் நாளுக்கு முதல் முடிச்சுத் தர வேணும், பிந்தேலாது. கேட்டிட்டுச் சில நேரம் அழுவினம், அழுதாலும் காசு ஒழுங்காத் தந்திடுவினம், செத்த வீட்டில ஆரும் எனக்குப் பொன்னாடை போடேல்லை.

இனி இறுவெட்டுக் கதை, அதுதான் சீடி. எந்தச் சங்கம், எந்தக் கொம்பனி எண்டு சொல்லமாட்டன், சம்பந்தப்பட்ட ஆக்கள் வாசிச்சா விளங்கும், அவையும் கெட்ட ஆக்கள் இல்லை.

ஒரு கும்பாபிசேகத்துக்கு ஆறு பக்திப் பாட்டு வேணுமெண்டு வெளிநாட்டில இருந்து கேட்டவை. மொத்தம் மூண்டு லட்சம் சேத்தவை. அதில ட்ரோன் வைச்சு வீடியோ எடுத்தவைக்கு எண்பதினாயிரம், தமிழ்நாட்டில இருந்து ரெண்டு பாட்டுப் பாடி அனுப்பினவருக்கு ஒரு லட்சம், கவர் அடிப்பு, வெளியீட்டு விழாச் சாப்பாடு எண்டு போய், ஆறு பாட்டுக்கும் மெட்டு, இசை, றெக்கோடிங், ஒலிக் கலவை எல்லாத்துக்கும் சேத்து எனக்கு நாப்பதாயிரம். அதில புல்லாங்குழலுக்கும் மிருதங்கத்துக்கும் நான் குடுத்தது பன்னிரண்டாயிரம். கையில நிண்டது இருபத்தெட்டு, வேலை ரெண்டு மாசம். வெளியீட்டு விழாவில முதல் பிரதி வாங்கினவர் என்வலப்பில ஐம்பதாயிரம் வைச்சவர், பிறகு வரிசையாச் சிறப்புப் பிரதியள், நான் மேடைக்குப் பின்னால வயர் சுத்திக்கொண்டு நிண்டனான். அதுவும் கோயிலுக்குத்தானே எண்டு மனசைத் தேத்தினன், உண்மையாவே அப்பிடித்தான் நினைச்சன். (இப்ப அந்த இறுவெட்டைப் போட்டுக் கேக்க ஊரில ஆரிட்டையும் பிளேயர் இல்லை, கனடாக் காரில ஓட்டையும் இல்லை, அது வேற.)

ஒரு வருசம் போய், வகுப்புப் பிள்ளையள் பாடிப் பழகட்டும் எண்டு அதில ஒரு பாட்டின்ர கரோக்கியை, என்ர லப்டொப்பில நானே வாசிச்ச அதே இசையை, குரல் இல்லாமல் என்ர சனலில போட்டன். பத்து நிமிசத்தில கொப்பிறைற் கிளெயிம். வீடியோக் கொம்பனி அந்த ஆறு பாட்டையும் தங்கட பேரில பதிஞ்சு வைச்சிருக்கு, என்ர வீடியோவில விளம்பரம் ஓடினா காசு அவைக்கு. என்ர மெட்டு, என்ர விரல், அங்க கீபோட்டுக்குப் பின்னால மெல்லிசா ஒரு மயில் கத்துறது கூடக் கேக்கும், அதுவும் என்ர வளவு மயில். போன் எடுத்தன். அந்த அண்ணை கோபமாக் கதைக்கேல்லை, ஆச்சரியமாத்தான் கேட்டவர், "அதுக்குத்தான் அப்பவே காசு தந்தாச்சே தம்பி?" அவருக்கு மெய்யாவே விளங்கேல்லை. எனக்கும் அப்ப வடிவா விளங்கேல்லை எண்டதுதான் வெக்கம். நான் மறுப்புப் போட்டன், மற்றப் பக்கம் பதில் சொல்ல 30 நாள் இருக்கு, அவை ஒண்டும் சொல்லேல்லை, 30 நாள் முடிய அது தன்பாட்டில விலகினது. ஆனா அந்த ஆறு பாட்டும் இண்டைக்கும் அந்தக் கொம்பனியின்ர பேரிலதான் ஓடுது, கீழ விபரத்தில ட்ரோன் ஓட்டினவரின்ர பேர் இருக்கு, வரி எழுதின ரீச்சரின்ர பேரும் இல்லை, என்ர பேரும் இல்லை.

அதுக்குப் பிறகுதான் இருந்து வாசிச்சன். எங்கட நாட்டில 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. பாட்டை ஆக்கினவுடனயே உரிமை ஆக்கினவருக்கு, எங்கயும் போய்ப் பதியத் தேவையில்லை, அவர் இருக்கும் வரைக்கும், செத்தும் 70 வருசத்துக்கு. பேர் போட வேணும் எண்டுறது தனி உரிமை, காசு வேற, பேர் வேற. உரிமையை வேற ஆளுக்கு மாத்திறதெண்டா எழுத்தில, ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சு. அதோட ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு: மெட்டும் வரியும் ஒண்டு, றெக்கோட் பண்ணின ஒலி மற்றது. காணியும் வீடும் மாதிரி, வீட்டை வாடகைக்குக் குடுத்தா காணி போயிட்டுதெண்டு அர்த்தமில்லை. வன்னிச் சனத்துக்குக் காணி உறுதியைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை, உறுதி இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பாட்டுக்கும் ஒரு உறுதி வேணும் எண்டுதான் சொல்லுறன்.

இது எங்களைப் போல சின்ன ஆக்களின்ர பிரச்சினை மட்டுமெண்டும் நினைக்காதேங்கோ. தமிழ்நாட்டில 2021ல வந்து உலகம் முழுக்கச் சுத்தின "என்ஜாய் எஞ்சாமி" எண்ட சுயாதீனப் பாட்டு, கோடிக்கணக்கில பாத்தவை, அதுக்குத் தங்களுக்கு ஒரு சதமும் வரேல்லை எண்டு 2024ல அதின்ர இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாச் சொன்னவர். அவ்வளவு பெரிய ஆக்களுக்கே அப்பிடியெண்டா பாலத்தடியில இருக்கிற நான் எம்மாத்திரம்.

இந்தியாவில இருந்து பாடகர் கூப்பிடுறதையும் நான் பிழை சொல்லேல்லை. 2024 மாசியில யாழ்ப்பாணம் முற்றவெளியில ஹரிகரன்ர நிகழ்ச்சிக்குச் சனம் தடுப்பை உடைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனதைப் பாத்தனாங்கள்தானே, அந்தளவு பாட்டு ஆசை இருக்கிற சனம். ஆனா அவருக்கு ஒப்பந்தம், ஹோட்டல், விமான ரிக்கற், முற்பணம், அதே மாதிரி ஒரு நிகழ்ச்சியில முதல் ரெண்டு மணித்தியாலம் சனத்தை இருத்தி வைக்கிற உள்ளூர்ப் பெடியளுக்கு "வாய்ப்பு". அந்த வாய்ப்பைக் கொண்டுபோய்க் கடையில குடுத்தா ஒரு கிலோ பருப்புத் தரமாட்டாங்கள். அரசாங்கத்துப் பக்கம் பாப்பம் எண்டா கலாபூஷணம் எண்ட அரச விருதுக்கு அறுபது வயசு ஆக வேணும், நான் இன்னும் கிட்டத்தட்ட முப்பது வருசம் பட்டினி கிடக்க வேணும்.

வெளிநாட்டுப் பெடியள் சிலர், ரசிகர் மாதம் மாதம் காசு கட்டுற பட்றியன் தொடங்கு, இணையத்தில பாட்டு விக்கிற பேண்ட்காம்ப்பில வில்லு எண்டு சொன்னவை. பேண்ட்காம்ப்பில காசு, இணையத்தில காசு அனுப்புற பேபால் கணக்குக்குத்தான் வரும், நான் பாத்த நேரம் இலங்கையில இருந்து பேபாலில காசு கட்டலாம், வாங்கேலாது. அதை விடுங்கோ. மாதம் மாதம் ரசிகர் காசு கட்டி ஒரு கலைஞனை வைச்சிருக்கிறதெண்டுறதை நாங்கள் அமெரிக்கனிட்டப் படிக்கத் தேவையே இல்லை, எங்களிட்ட உபயம் இருக்கு. பத்து நாள் திருவிழாவுக்குப் பத்து உபயகாரர், ஒருத்தர் விட்டா அடுத்தவர் எடுக்கத் தயாரா நிக்கிறார், பேரன் காலம் வரைக்கும் அந்த உபயம் அந்தக் குடும்பத்துக்குத்தான். அதே மாதிரி ஒரு பாட்டுக்கு ஒரு உபயம்.

நான் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறன். பாடுறவருக்கு 15,000, மிருதங்கம் புல்லாங்குழலுக்கு 16,000, வரி எழுதிறவருக்கு 10,000, மெட்டு, இசை, கலவை எனக்கு 35,000, மாஸ்டரிங் (கடைசி ஒலி மெருகு) 8,000. மொத்தம் 84,000 ரூவா. ஸ்காபரோவில ஒரு பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுற காசு. உபயகாரரின்ர பேர் பாட்டின்ர விபரத்தில முதல் வரியில வரும், அவரின்ர அம்மா அப்பாவின்ர நினைவா எண்டும் போடலாம். யூரியூப்பில வாற காசில பாதி கோயிலுக்கு, பாதி பாட்டு ஆக்கினவைக்கு. பெரிய தொகை வராது, நான் மேல சொன்னனான்தானே, ஆனா வாறது எழுத்தில இருக்கும், பத்து வருசம் கழிச்சு ஒரு பாட்டு திடீரெண்டு எங்கயாவது ஓடத் தொடங்கினா ஆரும் ஆரையும் போனில ஏசத் தேவையில்லை.

அதுக்கு ஒரே ஒரு ஏ4 தாள் காணும். வரி ஆர், மெட்டு ஆர், குரல் ஆர், ஒலிப்பதிவு ஆற்ற சொத்து, ஆர் ஏத்திறது, வாற காசு எப்பிடிப் பிரியுது, தந்த அச்சாரம் எவ்வளவு, மிச்சம் எப்ப. நான் தமிழில எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன், சட்டத்தரணி ஒருத்தர் பாத்து ரெண்டு வசனம் திருத்தித் தந்தவர், காசு வாங்கேல்லை, மகளுக்குக் கீபோட் வகுப்பு இலவசம் எண்டு பேசி முடிச்சனாங்கள். எந்தச் சபைக்கு வேணுமெண்டாலும் தாறன், என்னைக் கூப்பிடாமல் வேற பெடியளைக் கூப்பிட்டாலும் அந்தத் தாளைப் பாவியுங்கோ.

பூங்காவனத்தண்டு ரெண்டு மணித்தியாலம் முழுக்கச் சினிமாப் பாட்டுத்தான் வேணுமெண்டு இளைஞர் கழகம் நிக்கும், எனக்குத் தெரியும், நானும் வாசிப்பன், அதில எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அரை மணித்தியாலம் எங்கட சொந்தப் பாட்டுக்கு விடுங்கோ. பதினொண்டரைக்கு இல்லை, சனம் முழிச்சிருக்கிற ஒன்பது மணிக்கு.

எங்கட கோயில் ஆனியில கொடியேறுது, சித்திரை முடிய நோட்டீஸ் அடிக்கக் குடுத்திடுவியள். அதுக்கு முதல் ஒருக்கா கோல் எடுங்கோ. ஆறு பேருக்கும் சேத்துத் தொகையை அப்ப சொல்லுறன், பேரம் பேசலாம், மேளத்தோடயும் பேசுறனீங்கள்தானே. பின்னேரம் மூண்டு தொடக்கம் ஆறு மட்டும் எடுக்காதேங்கோ, பிள்ளையளுக்கு வகுப்பு.

இப்படிக்கு,
பாலத்தடிக் கீபோட் தம்பி

பி.கு: போன வருச றம்ஸ் வாடகை 7,500 ரூவா. துண்டு இன்னும் என்னட்ட இருக்கு.